வீட்டு பூனையை விரட்டணுமா? கோவையில் 248 பேர் கண்ணை தாக்கிய கிருமி சொல்லும் பாடம்

கோவை:

வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பல குடும்பங்களில் முதலில் வெளியேற்றப்படுவது பூனைதான். சாக்கு பையில் கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்து விடுகிறார்கள். "பூனை இருந்தா வயித்து புள்ளைக்கு ஆகாது" என்பதே காரணம்.

இந்த பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதி பாதி வேறு இடத்தில் இருக்கிறது.

கோவையை உலுக்கிய கிருமி

கோவையில் 2004-ம் ஆண்டு கண் வலி, பார்வை மங்கல் என்று திடீரென ஏராளமானோர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு படையெடுத்தனர். பரிசோதனையில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி விழித்திரையை தாக்கி இருப்பது தெரிய வந்தது. 248 நோயாளிகளின் விவரங்கள் 2010-ம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியாகின.

அத்தனை பேரும் பூனை வளர்த்தவர்களா? இல்லை. ஆய்வில் சந்தேகம் திரும்பியது குடிநீர் மீது.

இந்த கிருமியின் முட்டை பூனையின் கழிவில்தான் வெளிவரும். மழையில் அடித்து செல்லப்பட்டு தண்ணீரில் கலந்தால் குளோரின் போட்டாலும் சாகாது. கொதிக்க வைத்தால்தான் சாகும். ஆக, பூனையை தொட்டே பார்க்காதவருக்கும் இது வரலாம்.

எலி பிடிக்கும் பூனை

எலி, குருவி, பச்சை இறைச்சி தின்னும் பூனைக்கு இந்த கிருமி தொற்றுகிறது. முதல் முறை தொற்றும்போது 1 முதல் 3 வாரம் வரை கழிவில் முட்டைகள் வெளியேறும். பிறகு பெரும்பாலும் நின்று விடும். வெளியே வந்த முட்டை தொற்றும் சக்தி பெற 1 முதல் 5 நாள் ஆகும். மண்ணில் மாத கணக்கில் உயிரோடு கிடக்கும்.

எனவே பூனை கழிவை தினமும் அள்ளி விட்டால் ஆபத்து பெருமளவு குறையும். பூனையை தடவுவதால் மட்டும் பொதுவாக நோய் தொற்றாது. அரைவேக்காட்டு மட்டன், கழுவாத கீரை, மண் பட்ட கை ஆகியவையும் முக்கிய காரணங்கள்.

கர்ப்ப காலத்தில் முதல் முறையாக தொற்றினால் கரு கலையலாம். குழந்தையின் கண், மூளை பாதிக்கப்படலாம். பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டு ஈரல் சாப்பிட்டால் என்ன பலன்?

மணல் குவியலில் குழந்தைகள்

வீடு கட்ட தெருவில் கொட்டிய மணல்தான் தெரு பூனைகளுக்கு கக்கூஸ். அதே மணலில்தான் குழந்தைகள் வீடு கட்டி விளையாடுகின்றன. பூனையின் உருண்டை புழு முட்டை கை வழியாக வாய்க்கு போனால் ஈரல், கண் வரை பாதிப்பு வரலாம். கொக்கி புழுவின் குஞ்சு வெறுங்கால் தோல் வழியாகவே நுழையும். கோடு போட்டது போல தடித்து அரிப்பெடுக்கும். கட்டிட வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பூனைக்கும் ஆபத்து

குட்டிகளுக்கு தாய்ப்பாலிலேயே புழு வந்து விடும். வயிறு மட்டும் உப்பி, உடம்பு இளைத்தால் அதுதான் அறிகுறி. வாலுக்கு அடியில் அரிசி போல ஒட்டி இருந்தால் நாடா புழு. தெள்ளு பூச்சி அதிகமானால் ரத்த சோகையில் குட்டி செத்தே போகும்.

நாய்க்கு போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தை பூனைக்கு போட கூடாது. பாரசிட்டமாலும் பூனைக்கு விஷம். கால்நடை டாக்டரிடம் காட்டி எடைக்கு தக்க புழு மாத்திரை கொடுப்பதே நல்லது.

என்ன செய்யணும்?

பூனை கழிவை தினமும் அப்புறப்படுத்த வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டு விடலாம். பூனைக்கு பச்சை இறைச்சி வேண்டாம். கறியை நன்றாக வேகவைத்து, தண்ணீரை கொதிக்க வைத்து பயன்படுத்த வேண்டும். தண்ணீர் தொட்டிக்கு மூடியும், மணல் குவியலுக்கு தார்ப்பாயும் அவசியம்.

மார்க்கெட்டில் விடப்படும் பூனை எலியை தின்று, அடுத்த தெரு மணலில்தான் கழிவு போகும். ஒரு வீட்டு பயம் ஊருக்கே பொதுவாகிறது. விரட்டுவதை விட, வீட்டில் வைத்து வேகவைத்த சோறு போடுவதே எல்லோருக்கும் பாதுகாப்பு.