கற்போனும் கருவியும்

செம்பட்டி வட்டாரத் திருவிழாக்களில் நாகசுர இசை கேட்டு, அதனைப் பயில விழையும் சிறுவர் பலர். அவர்க்கு மலிவான கருவியே போதும் என்பர் சிலர். அது பொருந்தாது.

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை, நாகசுரம் செய்வதில் புகழ்பெற்ற ஊர். அவ்வூர் நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆங்குள்ள கைவினைஞர், பழைய வீடுகளின் தூண்களாகவும் உத்திரங்களாகவும் இருந்த ஆச்சா மரத்தைக் கடைந்து கருவி செய்வர். பல்லாண்டு உலர்ந்த மரம் எளிதில் வெடியாது, துளை கோணாது. ஈரம் உலராத மரத்தில் விரைந்து செய்த கருவியோ நாளடைவில் சுருங்கும், சுருதி பிறழும்.

தேர்ந்த வித்துவான் குறையுள்ள கருவியையும் ஒருவாறு வசப்படுத்துவார். மாணவனோ, கருவியின் பிழையைத் தன் பிழையென எண்ணி மனம் தளர்வான். முதிர்ந்த மரத்தில் செய்ததாயின் புதிய கருவியும் நன்றே. ஆதலின், கற்போனுக்கே நல்ல கருவி முதற்கண் வேண்டும்.