காற்றமுக்க உணர்கருவியும் அதன் பாட்டரியும்

அமெரிக்க நாட்டில், ஃபயர்ஸ்டோன் டயர்கள் பலவற்றின் மேற்பட்டை ஓட்டத்திற் பிரிந்து, கார்கள் கவிழ்ந்து, பலர் உயிரிழந்த செய்தி 2000-ஆம் ஆண்டில் பெருங் கிளர்ச்சியை விளைத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அங்கு ஒரு சட்டம் பிறந்தது. அதன் பயனாக, 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அந்நாட்டு விற்பனைக்குச் செய்யப்படும் புதிய கார் ஒவ்வொன்றும், டயரின் காற்றமுக்கம் விதித்த அளவிற் காற்பங்கு குறையுமாயின், விளக்கொன்றால் ஓட்டுநர்க்கு அறிவித்தல் வேண்டுமென்றாயிற்று. விதி நல்லதே. எமது குறையெல்லாம் அவ்விளக்கிற்குச் செய்தி அனுப்பும் சென்சார் என்னும் உணர்கருவியைப் பற்றியது.

பல கார்களில் இக்கருவி சக்கரத்தினுள்ளே வால்வின் அடியில் அமர்ந்து, அமுக்கத்தை அளந்து, வானொலி அலை வழியே உரைக்கின்றது. அதற்கு உயிர் ஒரு சிறு லித்தியம் பாட்டரி. ஐந்து முதற் பத்தாண்டுகளில் அது தீரும். தீர்ந்தக்கால் அதனை மட்டும் மாற்றலாகாது; பிசின் வார்த்து மூடிவிட்டனர். ஆகவே சக்கரத்தைக் கழற்றி, டயரின் விளிம்பை இரும்பு வளையத்தினின்றும் பெயர்த்து, பழைய கருவியை எறிந்து, புதியதைப் பூட்டி, மீளக் காற்றடைத்து, சக்கரத்தின் சமநிலை சோதித்து, புதிய கருவியின் எண்ணைக் காரின் கணினிக்கும் அறிவித்தல் வேண்டும். காசளவான பாட்டரிக்கு இத்தனை பாடு! மத்தேயு சுவிசேஷத்துப் புத்தியில்லாத கன்னிகைகளுக்குங்கூட எண்ணெய் வாங்கி ஊற்றத் தீவட்டியில் இடமிருந்தது, இதற்கோ அதுவுமில்லை.

செலவுக்கு அஞ்சி வாளாவிருத்தல் மாந்தர் இயல்பு. ஆண்டே இடர் உளது. கருவி பழுதுற்றமைக்கும் காற்றுக் குறைந்தமைக்கும் பல கார்களில் விளக்கு ஒன்றே. பழுதெனின் ஏறக்குறைய ஒரு நிமிடம் மின்னிப் பின்னர் நிலைத்தெரியும். காற்றுக் குறைவெனின் தொடக்கமுதலே நிலைத்தெரியும். மின்னிய நிமிடம் கழிந்தபின் வேற்றுமை யாது? இறந்த கருவிக்காக நாடோறும் எரியும் விளக்கைக் கண்டு பழகியவர், பிறிதொரு டயர் மெய்யாகவே காற்றிழக்குங்கால் எதனைக்கொண்டு அறிவர்?

சுழற்சியின் விசை, நீர், வெப்பம் இவற்றைத் தாங்கவே மூடினோம் என்பர் செய்வோர். அக்காரணம் பொய்யன்று. ஆயினும், உயிர் காக்கவென்று அரசு கட்டாயமாக்கிய கருவி காரின் ஆயுள் முடியுமுன் ஓய்ந்துபோவதைச் சட்டம் பொறுத்தல் தகாது. திருகாணியும் ரப்பர் வளையமும் இட்ட மூடியொன்று சமைத்தல் பொறிவல்லார்க்கு இயலாததன்றென்பது எமது துணிபு. அது வருங்காறும், ஒருங்கே பூட்டிய கருவிகள் ஏறக்குறைய ஒருங்கே ஓயுமாதலின், புது டயர் மாற்றும் நாளில் நான்கனையும் மாற்றிவிடுதல் கூலியை மிச்சப்படுத்தும். மாதமொருமுறை, டயர் குளிர்ந்திருக்கையில், கையளவியால் காற்றைப் பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும். அவ்வளவிக்குப் பாட்டரி வேண்டுவதில்லை.