சின்ன விளக்கும் பெரிய அமானிதமும்



இம்மாதம் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று எண்ணி விடாதீர்கள். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களுடைய விளையாட்டும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததுதான்.

எங்கள் இளைய மகனுக்கு அவனுடைய சாச்சா வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் கோச்சி கொண்டு வந்து கொடுத்தார். மகன் ஒரு பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி, மட்டையால் ஸ்டேஷன் கட்டி, ரிஜிபோமை வெட்டி மலையும் செய்தான். பிறகு ஸ்டேஷனில் விளக்கு எரிய வேண்டும் என்ற ஆசை வந்தது. மூத்த மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய சோடனை விளக்குச் சரம் அலுமாரியில் கிடந்தது. அதில் ஐந்து மின்குமிழ்களை வயருடன் வெட்டியெடுத்து, அந்த முனைகளைச் சுவர் பிளக்கில் செருகப் போனான். அல்லாஹ்வின் கிருபை, அந்த நேரம் பார்த்து அவனுடைய உம்மா அறைக்குள் வந்தார்.

நான் அதட்டியபோது அவன் கேட்டான்: "இது சின்ன பல்ப் தானே வாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மின்வேலை தெரிந்த ஒரு சகோதரரிடம் போய்க் கேட்டேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். சோடனைச் சரத்தில் 40 குமிழ்கள் வரிசையாக இருந்தால் அவை அந்த 230ஐப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒன்றுக்கு 6 வோல்ட்டுக்கும் குறைவாகவே வரும். ஐந்தை மட்டும் வெட்டி இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 46 வோல்ட். அந்தக் கணமே அவை வெடித்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. குமிழ் எவ்வளவு சிறிதாயினும், அந்தச் சரத்தின் வெறும் வயரைத் தொட்டவரை அடிப்பது 230 வோல்ட்டின் அடிதான். புதிய எல்.ஈ.டி. சரங்களிலும் நேராகச் சுவரில் செருகுபவை அப்படியே. பார்த்தீர்களா சகோதரிகளே, விளக்கின் அளவைப் பார்ப்பதல்ல, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே முக்கியம்.

ஆகவே முதல் விதி: சுவர்க் கரண்ட் விளையாட்டுப் பலகைக்குள் நுழையவே கூடாது. நம்பிக்கையான கடையில் 12 வோல்ட் டீ.சீ. அடப்டர் ஒன்றை வாங்குங்கள். அதன் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ளது என்பதற்கு அது அடையாளம். உடைந்ததையும், பெயர் விபரமில்லாத மலிவுச் சாமானையும் வாங்காதீர்கள். கோச்சியை ஓட்டும் கரண்டிலிருந்தே விளக்குக்கும் எடுக்க வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது விளக்கும் கூடிக் குறையும்.

இரண்டாவது, எந்த விளக்கு? கோதுமை மணியளவில் 12 வோல்ட் இழைக் குமிழ்கள் உண்டு. மஞ்சள் வெளிச்சம் அழகுதான். ஆனால் சூடாகும். மூடிய மட்டை வீட்டுக்குள் வைத்தால் மட்டை கருகும், ரிஜிபோம் உருகும். அதைத்தான் வைப்பதென்றால் 9 வோல்ட்டில் எரிய விடுங்கள். வெளிச்சம் சற்றுக் குறையும், சூடும் குறையும், குமிழும் நீண்ட காலம் உழைக்கும். எல்.ஈ.டி. இதைவிட நல்லது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் ஒளிகாலும் இருவாயி என்று இருப்பது இதுதான். சூடு மிகக் குறைவு. மஞ்சள் சாயலுள்ள வெள்ளை கேட்டு வாங்கினால் பழைய ஸ்டேஷன் விளக்குப் போலவே இருக்கும்.

எல்.ஈ.டி.யை 12 வோல்ட்டில் நேராக இணைத்தால் உடனே கெட்டுவிடும். நடுவே ஒரு தடையி வேண்டும். வெள்ளை எல்.ஈ.டி. எடுப்பது ஏறத்தாழ 3 வோல்ட். மீதி 9 வோல்ட்டைத் தடையி தாங்க வேண்டும். 1000 ஓம் தடையி போட்டால் 9 மில்லிஅம்பியர் ஓடும். அது போதும். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித் தடையி. நீண்ட கால் நேர்ப்பக்கம். இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். விளையாட்டே பாடமாகிவிடும்.

மூன்றாவது, வயர். நேருக்குச் சிவப்பு, மறைக்குக் கறுப்பு என்று வைத்து, பலகையின் அடிப்பக்கமாகக் கொண்டு போகட்டும். முறுக்கி விட்டால் போதாது. மூட்டுகளை ஈயம் பற்றவைத்து டேப் சுற்ற வேண்டும். ஈயம் பற்றவைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு எல்.ஈ.டி. என்றால் அடப்டருக்கும் பலகைக்கும் நடுவே அரை அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள். வயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் வயர் சூடேறுமுன் அது அறுந்துவிடும். பழைய கைத்தொலைபேசி பற்றரியைப் பயன்படுத்த விடாதீர்கள், அது தீப்பற்றக் கூடியது. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் பொத்தான் பற்றரி கைக்கெட்டக் கூடாது. விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக் குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக, உறங்குமுன் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்துபோனபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்குமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். எலி திரியை இழுத்து வீட்டையே எரித்துவிடக் கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். இன்று நம் வீட்டில் திரி இல்லை, வயர் உண்டு. அதைக் கடிக்கும் எலியும் உண்டு.

"இந்தக் கோச்சியைத் தூக்கி எறிந்தால் என்ன?" என்று முதலில் நானும் நினைத்தேன். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுச் சாமான்களில் துணிச் சிறகு வைத்த ஒரு குதிரையைக் கண்டு நபியவர்கள் கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, பறித்து எறியவில்லை. நாம் பறித்தால் பிள்ளை நாம் இல்லாத நேரம் பார்த்துச் செய்வான். பக்கத்தில் இருந்து கற்றுக் கொடுத்தால் நம் கண் முன்னே செய்வான்.

எங்கள் வீட்டு ஸ்டேஷனில் இப்போது ஆறு விளக்குகள் எரிகின்றன, அல்ஹம்துலில்லாஹ். இஷாவுக்குப் பின் அவற்றை அணைப்பது மகனின் பொறுப்பு. அணைத்தானா என்று போய்ப் பார்ப்பது என் பொறுப்பு.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.