கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

அண்மையில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். சூரியக் குடும்பம் பற்றி மாணவர்கள் அமைத்திருந்த இணையப் பக்கத்துக்கு முதற்பரிசு அளித்தேன். அவ்வளவு அழகு! பிறகு, பார்வையற்ற என் மாணவர் ஒருவர் அதே பக்கத்தைத் தம் கணினியில் திறந்தார். கோள்களின் படங்களைப் பற்றி ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. தவறு மாணவர்களுடையது மட்டுமா? பரிசு கொடுத்த என்னுடையதும்தான்.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் 'திரை வாசிப்பான்' எனப்படும். அது எழுத்தின் அழகைப் பார்ப்பதில்லை, எச்.டி.எம்.எல். குறிகளையே நம்புகிறது. 'எச்1' என்னும் குறியிட்டால் "இது தலைப்பு" என்று அறிவிக்கும். எழுத்தை வெறுமனே பெரிதாக்கினால், நமக்கு அது தலைப்பு. அதற்கோ மற்றுமொரு வரி. 'ஆல்ட்' என்ற இடத்தில் படத்தின் விளக்கத்தை எழுதினால்தான் அதைப் படிக்கும்.

பொத்தானைப் பாருங்கள். 'டிவ்' என்னும் பொதுப் பெட்டிக்கு வண்ணம் பூசினால் அது பொத்தான் போலவே தோன்றும். ஆனால், விசைப்பலகையின் டேப் விசையை அழுத்திச் செல்பவர் அதை அடைய முடியாது. 'பட்டன்' குறிக்கு இந்த வசதி இயல்பாகவே உண்டு.

மொழியையும் குறிக்க வேண்டும். ஆயத்த மாதிரியை நகலெடுத்தால் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே இருந்துவிடும். அப்போது தமிழ் வரிகளை ஆங்கிலக் குரல் படிக்க முயன்று தடுமாறலாம்.

அப்படியானால் அழகு வேண்டாமா? வேண்டும். அதற்காகவே சி.எஸ்.எஸ். இருக்கிறது. 1989-இல் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையைப் பற்றிய திட்டத்தை முன்வைத்தார். அங்கேயே 1994-இல் ஹோக்கன் வியம் லீ சி.எஸ்.எஸ். முறையை முன்மொழிந்தார். பொருள் ஓரிடம், தோற்றம் வேறிடம் என்பதே அதன் அடிப்படை.

தோற்றத்திலும் கணக்கு உண்டு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது உலகளாவிய வழிகாட்டி. வெள்ளையில் மஞ்சள் எழுத்துக்கோ சுமார் 1.07:1 தான். ஏன்? திரையின் வெள்ளை நிறத்தில் நீலத்தை நீக்கினால் மஞ்சள். நாம் உணரும் ஒளிர்வில் நீலத்தின் பங்கு மிகச் சிறிது. ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒளிர்வு உடையவை!

மாணவ நண்பர்களே, உங்கள் பக்கம் முடிந்ததும் சுட்டியை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் சென்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு திரை வாசிப்பானைக் கேளுங்கள். நடுவர்களும் இவ்வாறு சோதித்த பிறகே மதிப்பெண் இட வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த கண்காட்சியில் நான் அப்படித்தான் செய்யப் போகிறேன்.