ஹெட்போன் வீட்டுக்குள்ள வேணுமா?

சத்தம் குறைக்கும் வயர்லெஸ் ஹெட்போன் நல்ல சாமான்தான். விமானத்தின் இரைச்சலை எதிர் ஒலி அலையால் அடக்கிவிடும்; பாட்டைக் கூட்டி வைக்கத் தேவையில்லை. வாரம் 40 மணி நேரம் கேட்கும் பிள்ளைக்கு 75 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பேச்சை அது முழுசா அடக்காது. ஆனா பாட்டும் சேர்ந்தால், பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேக்காது. இங்க பிறந்த எனக்குத் தமிழ் வந்ததே, அம்மா குசினியில் நின்று போனில் கதைச்சதைக் கேட்டுத்தான். யாரும் பாடம் எடுக்கேல்ல. எங்கட பிள்ளைகளுக்கும் அந்தக் கதை காதில் விழ வேணும்.

அதனால எங்கட வீட்டுச் சட்டம் இதுதான்: பஸ்ஸிலும் படிப்பு மேசையிலும் ஹெட்போன் காதில், குசினியிலும் சாப்பாட்டு மேசையிலும் கழுத்தில். பெரியாக்களுக்கும் சேர்த்துத்தான்.