ஒரே பைக்கில் நாலு பேர் வேண்டாம்... டவுன் பஸ்ஸில் ஒரு ஞாயிறு!

"ஞாயித்துக்கிழமை எங்கயாவது கூட்டிட்டுப் போப்பா!"

பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டிலும் கேட்கும் குரல் இது. அடுத்து நடப்பதும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "நம்மகிட்ட கார் இல்லியே" என்பார் அம்மா. "வாடகைக் கார் எடுத்தா டீசல், டிரைவர் பேட்டான்னு பாதிச் சம்பளம் போயிடும்" என்பார் அப்பா. "எனக்கு எதுக்குப்பா ஊர் சுத்தறது, நீங்க போயிட்டு வாங்க" என்று ஆயா ஒதுங்கிக்கொள்வார்.

கடைசியில் பைக் கிளம்பும். டேங்க் மேல் நாலு வயது மகன், பின்னால் ஒன்பது வயது மகள், அவளுக்கும் பின்னால் பாதி சீட்டில் அம்மா. ஆயா வாசலில் நின்று கை காட்டுவார்.

கார் இல்லாத குறையை விட, அந்த பைக்தான் கவலைப்பட வேண்டிய விஷயம். தர்மபுரி மாவட்டத்தின் நடுவே ஓடுவது சேலம் - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. இரவு பகலாக லாரி ஓடும் சாலை. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துச் செய்திகள் இங்கே யாருக்கும் புதிதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி பைக் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தையை ஏற்றினால் ஹெல்மெட்டோடு பாதுகாப்பு பெல்ட்டும் போட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

அப்படியானால் வெளியே போகவே வேண்டாமா? போகலாம். ஆயாவையும் சேர்த்து ஐந்து பேரும் போகலாம். பஸ்ஸில்!

ஐந்து பேருக்கு ஒரு டிக்கெட்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 'விடியல் பயணம்' என்று அதற்குப் பெயர். அம்மா, ஆயா, மகள் மூவருக்கும் இது பொருந்தும். ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் தேவையில்லை. ஆக, காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டியவர் அப்பா மட்டும்தான்.

ஒரு விஷயம். கட்டணம் இல்லை என்றாலும் பெண்களுக்கும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அதை இறங்கும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை மகளிடமே கொடுத்துவிடலாம். பொறுப்பு வந்துவிட்டால் பஸ்ஸில் சிணுங்கல் பாதியாகக் குறையும்.

இந்தச் சலுகை புறநகர் பஸ்ஸுக்குக் கிடையாது. அதில் பெரியவர்களுக்கு முழு டிக்கெட், ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். ஏறுவதற்கு முன் "இது ஃப்ரீ பஸ்ஸாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காலையில் கோட்டை, மதியம் மியூசியம்

முதல் பயணத்துக்குத் தொலைதூரம் வேண்டாம். தர்மபுரியிலிருந்து சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது அதியமான்கோட்டை. சின்னப் பிள்ளைக்கு பஸ் ஆசை தீரவும் செய்யும், வாந்தி வரும் முன்னே ஊரும் வந்துவிடும்.

தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் என்று நம்பப்பட்ட நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பஸ்ஸில் ஆயா சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. கையில் நாலு நெல்லிக்காயும் இருந்தால் கதை முடியும்போது ஆளுக்கொன்று கடிக்கலாம். குமட்டலுக்கும் அது நல்ல துணை.

இங்கே பார்க்க வேண்டியது சென்னராயப் பெருமாள் கோயில். மண்டபத்தின் மேல்தளத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் பழைய ஓவியங்களாக இருக்கின்றன. "அனுமார் எங்க இருக்கார், கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால் போதும், அண்ணாந்த தலை கீழே இறங்காது. காலபைரவர் கோயிலும் இதே ஊரில்தான். தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றப் பெரும் கூட்டம் வரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். அதனால்தான் காலையில் கோட்டை. வெயில் ஏறுவதற்குள் தர்மபுரிக்குத் திரும்பி, கொண்டுவந்த புளிசாதத்தை முடித்துக்கொண்டு அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அதற்கு விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும்.

அங்கே விடக் கூடாதது நடுகற்கள். இந்தப் பகுதி நடுகல்லுக்குப் பேர்போனது. எதிரிகள் ஓட்டிப்போன மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊர் மக்கள் நட்ட கல் அது. வில் எத்தனை, வாள் எத்தனை, மாடு எத்தனை என்று எண்ணச் சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லாக நின்று பார்ப்பார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில், கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து ஒரு நடுகல் இருக்கிறது என்ற செய்தியையும் சொல்லுங்கள். ஸ்கூலில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சாக இருக்கும்!

ஒகேனக்கல் என்றால் முழு நாள்

ஒரு முறை டவுன் பஸ் பழகிவிட்டால், அடுத்தது ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை வளைவுகள் தொடங்கும். அதற்கு முன்பே பிள்ளைகளை முன்பக்க சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்து, கையிலிருக்கும் செல்போனை வாங்கிவிட வேண்டும். குனிந்து திரை பார்த்தால் குமட்டல் நிச்சயம். வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது, வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். ஒரு பாலித்தீன் கவர் இல்லையே என்று தவிக்காமல், மஞ்சப்பையில் பழைய செய்தித்தாளும் ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும். தென்மேற்குப் பருவமழை நேரத்தில், கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் இது அடிக்கடி நடக்கும். முதல் நாள் இரவே செய்தி பார்த்துவிடுங்கள். அங்கே போய் நின்று "பரிசல் இல்லையாம்" என்று தெரிந்தால், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த மீன் வறுவலாலும் முடியாது.

பரிசல் ஓடுகிறது என்றால் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஒருவரும் ஏறக் கூடாது. பெரியவருக்கான ஜாக்கெட் குழந்தை உடம்பில் தொளதொளவென்று தொங்கினால் பயனில்லை. அளவு சரியாக இல்லையென்றால், "இந்தத் தடவை வேண்டாம், கண்ணு" என்று சொல்லிக் கரையிலேயே நிற்பதுதான் சரி. பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போன துயரம் இந்த ஆற்றுக்கு உண்டு. கரையில் நிற்கிறவர்களுக்குத் தொங்கு பாலம் இருக்கிறது, முதலைப் பண்ணை இருக்கிறது. மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் பெண்களும் இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் நாலு விஷயம்

* இறங்கும்போதே கண்டக்டரிடம் "திரும்பிப் போக கடைசி பஸ் எத்தனை மணிக்குண்ணா?" என்று கேளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல், அதற்கு முந்தைய பஸ்ஸுக்கு நின்றுவிடுங்கள்.
* கழிப்பறை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். பஸ் நிலையத்தில் எல்லோரும் போய்விட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். சில்லறை தனியாக இருக்கட்டும். பெண்களும் பெண் பிள்ளைகளும் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது வெயிலில் ஆபத்து.
* ஒரு துண்டுச் சீட்டில் அப்பா, அம்மா செல் நம்பரை எழுதிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.
* சாலையின் எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தால் பஸ் நகர்ந்த பிறகே கடக்க வேண்டும். சின்னவன் கையை ஆயா பிடிக்க வேண்டாம். ஆயா கையையும் சின்னவன் கையையும் பெரியவர்கள் பிடிக்கட்டும்.

"பஸ்லயாம்மா போறோம்?"

இத்தனைக்குப் பிறகும், "ஃப்ரெண்டு வீட்ல எல்லாம் கார்ல போறாங்க" என்று மகள் முகத்தைத் தூக்கலாம். அப்போது பாப்பாரப்பட்டியைப் பற்றிச் சொல்லலாம். இதே மாவட்டத்தில் இருக்கும் ஊர். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்து, 1925 ஜூலை 23 அன்று உயிர்விட்டது அங்கேதான். சிறையில் தொழுநோய் பிடித்ததால் அவர் ரயிலில் ஏறவே வெள்ளைக்கார அரசு தடை போட்டது. அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவருடைய நினைவிடத்தைப் பார்க்க இன்று பஸ்ஸிலேயே போய் வரலாம். மூன்றாவது ஞாயிறுக்கு அது இருக்கட்டும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, எந்த வண்டியில் போனோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. ஜன்னலோர சீட்டுக்குப் போட்ட சண்டையும், ஆயா மடியில் தூங்கிக்கொண்டே வந்ததும் நினைவிருக்கும். அதற்கு ஆயாவும் வண்டியில் இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு அவரை வாசலில் நிறுத்திக் கை காட்ட வைக்காதீர்கள். முதல் ஆளாக அவரை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்!