வாசிக்காத நூலுக்கு வழங்கிய தீர்ப்பு



ஓமலூரில் நான் ஓதிக்கொடுக்கும் மாலை மக்தபில் ஒருநாள் நபிமார்களின் பெயர்களை மனனம் செய்வித்துக்கொண்டிருந்தேன். ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் நபிமார்கள் என்று வழக்கம்போல் சொல்லி முடித்ததும், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "ஹஜ்ரத், அவங்கள்ல பொம்பளை நபி ஒருத்தர்கூட இல்லையா?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியைக் கவிதையாக எழுதிய ஒருவரைக் கண்டித்த சபையில் ஒரு காலத்தில் தலையாட்டியவன் நான்.

தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூலின் 'மைலாஞ்சி' தொகுப்பு 2000-இல் வெளிவந்தது. மருதாணியைக் குறிக்கும் அந்தத் தலைப்பின் கீழ் நம் வீடுகளின் வாழ்வும் நம் பெண்களின் மனக்குறையும் கவிதைகளாயின. அவற்றுள் ஒன்றில் ஒரு குழந்தை தன் வாப்பாவிடம் பெண் நபி ஏன் இல்லை என்று கேட்கிறது. அதற்காக எழுந்த கண்டனம் பெரிது. பின்னர் 2007-இல் வேறொரு கட்டுரையை முன்னிட்டு அவர் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். 2017-இல் மறைந்தார்.

அக்காலத்தில் நான் அரபுக் கல்லூரி மாணவன். ஒரு பயானில் அந்நூலைப் பற்றி ஆவேசமாகப் பேசப்பட்டது. பேசியவர் கையில் நூல் இல்லை. கேட்ட எங்களில் எவரும் அதன் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஆயினும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று ஒரே குரலில் சொன்னோம். சில நூறு பிரதிகளே அச்சாகும் கவிதை நூல்களுக்கு நம் சமுதாயத்தில் கிடைக்கும் விமர்சனம் பெரும்பாலும் இவ்வளவுதான். வாசிப்பு இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு.

அந்தக் குழந்தையின் கேள்விக்கு நம் கிதாபுகள் என்ன சொல்கின்றன? தூதர்களாக ஆண்களையே அனுப்பியதாகச் சூரா யூசுஃபின் 109-ஆவது வசனம் கூறுவதை ஆதாரமாகக் கொண்டு, பெண்களில் நபி இல்லை என்பதே பெரும்பான்மை உலமாக்களின் முடிவு. நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் 1064-இல் மறைந்த குர்துபா நகரத்து இப்னு ஹஸ்ம் (ரஹ்) வேறு கருத்துக் கொண்டிருந்தார். தூதுத்துவம் வேறு, நபித்துவம் வேறு; அவ்வசனம் தூதுத்துவத்தைப் பற்றியது; மர்யம் (அலை) அவர்களிடம் மலக்கு வந்து பேசினார், மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு வஹீ அறிவிக்கப்பட்டது; ஆகவே அவர்கள் நபித்துவம் பெற்றவர்களே என்று அவர் வாதிட்டார். அதே நகரைச் சேர்ந்த, 1273-இல் மறைந்த தஃப்ஸீர் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களும் மர்யம் (அலை) நபியே என்று எழுதினார்கள். மற்ற அறிஞர்கள் மறுத்தார்கள். கிதாபுக்குக் கிதாபால் பதில் எழுதப்பட்டது.

சகோதரர்களே, சிந்தியுங்கள்! எந்த மஸ்அலாவை நம் இமாம்கள் ஏடுகளில் விவாதித்தார்களோ, அதையே ஒரு கவிதையில் ஒரு குழந்தை கேட்டதற்கு நாம் கொதித்தோம். கொதித்தவர்களில் ஒருவராவது அக்கவிதையைப் படித்துவிட்டுக் கிதாபைத் திறந்திருந்தால், தமிழுக்கு ஓர் அருமையான மறுமொழிக் கட்டுரை கிடைத்திருக்கும்.

செய்தியொன்று வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்று சூரா ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம் எச்சரிக்கிறது. கவிஞர்களுக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறதா? சூரா ஷுஅராவைச் சிலர் ஆதாரம் காட்டுவர். கவிஞர்களைக் கண்டிக்கும் அதன் இறுதி வசனங்கள், ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரைத் தனியே பிரித்து விதிவிலக்களிப்பதை அவர்கள் ஓதாமல் நிறுத்திவிடுகிறார்கள். உமைய்யா இப்னு அபிஸ்ஸல்த் இஸ்லாத்தை ஏற்காமல் இறந்த கவிஞர். அவருடைய கவிதைகளை ஷரீத் (ரலி) அவர்களிடம் நூறு அடிகள் வரை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் செவிமடுத்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நமக்கோ ஒரு முஸ்லிமின் கவிதையை ஒரு முறை படிக்கப் பொறுமையில்லை.

"மார்க்கத்தை இழிவுபடுத்தினாலும் வாய்மூடி இருக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. மறுத்து எழுதுங்கள். எந்தக் கவிதை, எந்த அடி, எங்கே பிழை என்று சுட்டிக்காட்டுங்கள். கவிஞன் சொல்லாததை அவன் தலையில் ஏற்றாதீர்கள். நவீன கவிதைகளில் நான் ஏற்காதவை நிறைய உண்டு. படித்ததனால்தான் அவற்றை ஏன் ஏற்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரிகிறது.

மறுபுறம், இலக்கிய உலகின் நடுநிலையும் நாம் நம்பும் அளவுக்கு இல்லை. துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000-இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நம்மவர்கள் அதைப் படிக்காமல் ஏசினார்கள். வெளியே உள்ளவர்கள் பலர், அவர் எந்த அறையில் மறைந்திருந்து எழுதினார் என்பதைப் பேசிய அளவுக்கு, என்ன எழுதினார் என்பதைப் பேசவில்லை. முஸ்லிம் பெண் எழுதினாள் என்று வியப்பதும் முஸ்லிம் பெண் எழுதினாளா என்று சீறுவதும் ஒன்றுதான். இரண்டிலும் கவிதை படிக்கப்படுவதில்லை. நான் அத்தொகுப்பைப் பல ஆண்டுகள் கழித்தே வாங்கிப் படித்தேன். சில சொற்கள் எனக்கு உவப்பில்லை. ஆனால் நம் வீடுகளின் இரவில் ஒரு பெண் எவ்வளவு தனியாக இருக்கக்கூடும் என்பதை எந்தப் பயானும் எனக்கு உணர்த்தியதில்லை, அந்நூல் உணர்த்தியது. மணமக்களுக்கு நஸீஹத் சொல்லும்போது இப்போது என் பேச்சு மாறியிருக்கிறது.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைப் போற்றுகிறோம். கீழக்கரை ஆசியா உம்மாவும் இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாளும் பாடல்கள் இயற்றிய சமுதாயம் இது. அவர்களின் வாரிசுகளை வாசிக்க நாம் ஏன் அஞ்சுகிறோம்? மஹல்லா நூலகங்களில் நம் கவிஞர்களின் புதிய தொகுப்புகளையும் வாங்கி வையுங்கள். ஆலிம்களும் ஆசிரியைகளும் படித்துவிட்டுக் கையொப்பமிட்டு விமர்சனம் எழுதட்டும். பாராட்டோ மறுப்போ, படித்தவர் எழுதியதாக இருக்கட்டும்.

அந்தச் சிறுமியை அன்று உட்காரச் சொல்லவில்லை. மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றையும், இமாம்களின் இரு கருத்துகளையும், பெரும்பான்மையோரின் முடிவையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் கேட்டது தப்பில்லையே ஹஜ்ரத்?" என்றாள்.

தப்பில்லை, மகளே. கேட்காமலே தலையாட்டினேனே, தப்பு அதுதான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. ஆமீன்.